இரண்டாம் சங்கு

எழுபத்தெட்டாம் வருஷம் ஆகஸ்ட் மாதம் ஹைதராபாத்தில் பெய்ததை மழை என்று சொன்னால் மழை கோபித்துக்கொள்ளும். ஒன்பது நாள், ஒரே பிடிவாதம். குகட்பள்ளியில் வீட்டுவசதி வாரியம் கட்டிப் பூட்டி வைத்திருந்த வீடுகளில் தவளைகள் சாவி கேட்காமலே குடியேறின. சனத்நகரில் குடைகள் விற்றுத் தீர்ந்தன, பிறகு குடைக்கம்பிகள் தீர்ந்தன, கடைசியில் குடைக்கடைக்காரனே கடையைச் சாத்திக்கொண்டு எதிர்த்த இரானி ஓட்டலில் ஒதுங்கி நின்றான். மாதாப்பூர்ப் பக்கம் அப்போது பாறைகளும் ஓணான்களும்தான் வாசம். அந்த ஓணான்கள் அந்த வாரம் நீச்சல் பழகின.

குகட்பள்ளியைத் தாண்டி நல்லவாகு என்று ஓர் ஆறு உண்டு. வருஷத்தில் ஒன்பது மாதம் அதை ஆறு என்று சொல்ல ஆடுகூடச் சம்மதிக்காது. ஆகஸ்டில் மட்டும் அது தன்னைக் கோதாவரியாக நினைத்துக்கொள்ளும். அதன் குறுக்கே கம்பெனி அறுபத்தொன்றில் ஓர் அணை கட்டியது. கம்பெனி என்றால் மத்திய சர்க்கார் ஆலை. ஐயாயிரம் பேர் வேலை, ஐந்நூறு பேர் மேற்பார்வை, மேற்பார்வையை மேற்பார்க்க ஐம்பது பேர். ஆலைக்குத் தண்ணீர் இந்த அணையிலிருந்து. மிஞ்சின தண்ணீரை ஆற்றில் விட ஒரு கலிங்கு, அதில் ஐந்து இரும்பு ஷட்டர்கள். ஷட்டர்களுக்கு ஓவர்சியர் எட்வர்ட்.

எட்வர்டுக்கு வயது ஐம்பத்துநாலு. தகப்பனார் நாசரேத்திலிருந்து செகந்திராபாத் ரயில்வே பட்டறைக்கு வந்தவர். மகன் கிளாக் டவர் நிழலில் பிறந்து, திருநெல்வேலித் தமிழை வேண்டாமுக்கு நக்கோ, ஆமாவுக்கு ஹவ் எல்லாம் போட்டுத் தாளித்துப் பேசக் கற்றவன். கலிங்கில் பதினொரு வருஷம். அந்தப் பதினொரு வருஷத்தில் தண்ணீர் ஒரு தடவைகூடத் தன்னைக் கேட்காமல் வெளியே போனதில்லை என்று சர்ச்சில் சொல்லிக்கொள்வார். நோவா காலத்தில் தான் இருந்திருந்தால் பேழையே தேவைப்பட்டிருக்காது என்றும் ஒரு கிறிஸ்துமஸ் அன்று சொன்னார். போதகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கலிங்குக்குக் கீழே இரண்டு பர்லாங்கில் மதராஸி பஸ்தி. சேலம், தர்மபுரிப் பக்கத்திலிருந்து அணை கட்ட வந்த மண்வேலைக்காரர்கள், கட்டி முடித்த பிறகு ஊருக்குப் போகாமல் ஆற்றோரமே குந்திவிட்டார்கள். நாற்பத்திரண்டு குடிசை. பிள்ளைகள் தெலுங்கில் விளையாடி, ஹிந்தியில் சண்டை போட்டு, தமிழில் சோறு கேட்டன. தாங்கள் கட்டின அணையின் காலடியில் தாங்களே படுத்துக்கிடப்பது அவர்களுக்கு விசித்திரமாகப் படவில்லை. மேலே எட்வர்ட் அண்ணன் இருக்கிறார், சங்கு இருக்கிறது.

சங்கு என்பது கையால் சுற்றுகிற சைரன். ஷட்டர் அறையின் வாசலில் முக்காலி மேல் உட்கார்ந்திருக்கும். விதி என்னவென்றால், திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மூன்று நீளச் சங்கு. சங்கு கேட்டதும் பஸ்தி மொத்தமும் பாயும் பானையுமாக எதிர்ப்பாறை மேல் ஏறிவிடும். அளவுக்கல்லில் தண்ணீர் முப்பத்தேழு அடி தொட்டால் நடு ஷட்டர் ஒரு அடி தூக்க வேண்டும். பஸ்தியில் முழங்கால் அளவு ஓடும், இரண்டு நாளில் வடியும். நாற்பதைத் தாண்டினால் தண்ணீர் மண்கரை மேல் வழியும். கரை சர்க்கரையாகக் கரையும். அப்புறம் எட்வர்டின் நோவா பேச்செல்லாம் பலிக்காது.

இதில் இன்னொரு சடங்கும் உண்டு. வருஷத்தின் முதல் திறப்புக்கு முன்னால் கங்கம்மாவுக்கு மஞ்சள், குங்குமம், வளையல், ஒரு புடவை. ஜெனரல் மேனேஜர் சாரங்கபாணியின் மனைவி கல்பகம் வருவாள், காரை விட்டு இறங்குவாள், தண்ணீரில் புடவையைப் போட்டுக் கும்பிடுவாள், அடுத்த நிமிஷம் கிளம்பிவிடுவாள். அதற்குப் பிறகு எட்வர்ட் கைப்பிடியைச் சுற்றுவார். கும்பிட்டது வைஷ்ணவர், சுற்றினது புராட்டஸ்டண்ட், குளித்தது கங்கம்மா. பதினொரு வருஷமாக யாருக்கும் புகார் இல்லை.

அந்த வருஷம் டெல்லியிலிருந்து சேர்மன் வருகிறார் என்று தந்தி வந்தது. புடவையைத் தாமே சாத்துவதாக இசைந்திருந்தார். திறப்பு இரண்டு மணி.

காலை பத்துக்கே தண்ணீர் முப்பத்தாறரை. பகல் பன்னிரண்டே முக்காலுக்கு முப்பத்தேழு. எட்வர்ட் சரியாக ஒரு மணிக்குச் சங்கைச் சுற்றினார். மூன்று நீளம். சங்குச் சத்தம் பூனாவில் கேட்டதாகச் சொல்ல முடியாது, ஆனால் கேட்டிருந்தால் ஆச்சரியமில்லை. பஸ்தி எழுந்து பாறை ஏறியது. எட்வர்ட் பதிவேட்டில் எழுதினார்: சங்கு, 13.00.

இரண்டு மணிக்கு மேடையில் ஷாமியானா தயார், நாற்காலி தயார், பட்டுப்புடவை வெள்ளித்தட்டில் தயார். சாரங்கபாணி தயார், அவருடைய வழுக்கைகூட மெருகேற்றினாற்போல இருந்தது. சேர்மன் மட்டும் இல்லை. பேகம்பேட்டில் விமானம் இறங்க மேகம் விடவில்லை.

மூன்று மணிக்கு முப்பத்தேழரையைத் தாண்டியிருந்தது. எட்வர்ட் ஜி.எம். பக்கத்தில் போய் நின்றார்.

"சார், நடு ஷட்டர மட்டும் அரை அடி தூக்கிக்கிடட்டுமா? ஒரு மனுசனுக்கும் தெரியாது."

"தண்ணி நுரைச்சுண்டு ஓடறது தெரியாதாங்காணும்? அவர் புடவை சாத்தினப்புறம்தான் முதல் சொட்டு கீழே விழணும். டெல்லியிலேர்ந்து போட்டோக்காரன் வேற வரான்."

"போட்டோவுக்கு அப்புறமும் தண்ணி இருக்கும் சார். நெறையவே இருக்கும்."

"நீர் தண்ணியைப் பாரும். டைமை நான் பாத்துக்கறேன்."

பின்னால் உட்கார்ந்திருந்த கல்பகத்துக்குப் பொறுக்கவில்லை. "ஏன்னா, அந்தப் புடவையை நானே போட்டுடறேனே? போன வருஷம் நான்தானே போட்டேன். கங்கம்மா என்ன, சேர்மன் எங்கேன்னு கேக்கவா போறா?"

"நீ செத்த பேசாம இரு."

"நான் பேசாம இருப்பேன். தண்ணி இருக்குமா?" என்றாள் கல்பகம். பிறகு அவளும் பேசாமல் இருந்துவிட்டாள். அந்த மேடையில் அன்றைக்கு நியாயம் பேசினவர்கள் எல்லாரும் ஒருதரம் பேசிவிட்டு உட்கார்ந்துகொண்டவர்கள்தான்.

மூன்றரைக்கு டெலிபோன் வந்தது. சேர்மன் இறங்கிவிட்டார். கெஸ்ட் ஹவுஸில் சாப்பிடுகிறார். பிரியாணி என்று கேள்வி. சாப்பிட்ட பிறகு இருபது நிமிஷம் கண் அசருவார், டாக்டர் உத்தரவு. அந்த இருபது நிமிஷத்தை நல்லவாகு வீணாக்கவில்லை. அளவுக்கல்லில் கால் அடியை விழுங்கியது.

நாலு மணிக்கு பஸ்தியிலிருந்து அன்னக்கிளி மேலே வந்தாள். பஸ்தியில் இட்லி சுட்டு விற்கிறவள்; வாய்க்கு வரி போட்டிருந்தால் கம்பெனியே அவளை நம்பி நடந்திருக்கும். தலையில் சாக்கை முக்காடாக மடித்துப் போட்டிருந்தாள். பாறையில் மூன்று மணி நேரம் நனைந்ததில் உதடு வெளுத்திருந்தது.

"என்னாண்ணே, தண்ணி உடுவீங்களா, இல்ல எங்கள மேல ஏத்தி வெச்சு வேடிக்க பாக்குறீங்களா?"

"ஏ அன்னக்கிளி, பெரிய ஆள் வாரான். வந்ததும் திறப்பு."

"எப்ப வருவான்?"

"அது எனக்கு என்ன தெரியும்? பிரியாணி தின்னுட்டு இருக்கானாம்."

"அவன் துண்ணட்டும். எம் புள்ளைங்க காலைல துண்ணது. பாறை மேல அடுப்பு மூட்ட முடியுமா? மழ. கெழவிங்கல்லாம் நடுங்குதுங்க. எங்க ஆளு கெழக்க ஆட்டக் கட்டிட்டு வந்துட்டாரு, அது கத்துது. கீழ போயி ஒரு ஒல கஞ்சி காய்ச்சிட்டு வந்துருவோம். போலாமா வேணாமா, அத மட்டும் சொல்லு."

எட்வர்ட் தண்ணீரைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். கெஸ்ட் ஹவுஸிலிருந்து இன்னும் போன் வரவில்லை.

"போ. கஞ்சி காய்ச்சு. திறக்கிறதுக்கு முந்தி மறுபடியும் ஊதுவேன். ஊதாம கைப்பிடிய தொட மாட்டேன் புள்ள. நான் சொன்னா சொன்னதுதான்."

"ஹவ்வா?"

"ஹவ்."

"பைபிள் மேல சொல்லு."

"போ புள்ள. எல்லாத்துக்கும் பைபிள எடுப்பியா?"

அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள். பாறையிலிருந்து ஒவ்வொருவராக, பிறகு கும்பலாக, பாய்ச்சுருளும் பானையுமாக ஜனம் கீழே போவதை எட்வர்ட் ஷட்டர் அறையிலிருந்து பார்த்தார். ஜி.எம்.மிடம் போய்ச் சொன்னார். "சார், பஸ்திக்காரங்க கீழ போயிட்டாங்க. திறக்கிறதுக்கு முன்ன இன்னொரு சங்கு ஊதணும். அஞ்சு பத்து நிமிஷம் டைம் விடணும்."

"ஆகட்டும், ஆகட்டும்" என்றார் சாரங்கபாணி. மேளக்காரர்கள் வந்து சேராத கவலையில் இருந்தார் அவர்.

ஐந்து இருபதுக்குச் சேர்மன் வந்தார். ஆள் அவ்வளவு பெரிது; அவர் இறங்கினதும் அம்பாசிடர் கார் நிம்மதிப் பெருமூச்சு விட்டு நாலு அங்குலம் நிமிர்ந்தது. அளவுக்கல் முப்பத்தொன்பதே முக்கால். இனிமேல் நடு ஷட்டர் ஒரு அடி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐந்தையும் முழுசாகத் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அரை மணியில் கரை போகும். எட்வர்டுக்கு அது தெரியும், ஜி.எம்.முக்கும் தெரியும், சேர்மனுக்கு அது தண்ணீர் என்பது மட்டும் தெரியும்.

மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. கீழே நாற்பத்திரண்டு கூரையிலிருந்தும் புகை. ஈர விறகின் வெள்ளைப் புகை, கூரைக்கு மேல் எழும்பாமல் சுருண்டு கிடந்தது. எட்வர்ட் சங்கின் கைப்பிடியில் கை வைத்தார். முதல் சுற்று சுற்றுவதற்குள் சாரங்கபாணி ஓடி வந்தார். ஐம்பத்தேழு வயதில் அவ்வளவு சத்தமில்லாமல் ஓடினவர் அவர் ஒருவர்தான்.

"என்ன பண்றீர்? அவர் மைக்ல பேச ஆரம்பிச்சுட்டார்!"

"சார், கீழ எல்லாரும் அடுப்பு மூட்டிட்டு இருக்காங்க. அஞ்சு ஷட்டர் சார். முழங்கால் இல்ல, ஆளையே தூக்கும்."

"ஒரு மணிக்கு ஊதினீரோன்னோ?"

"ஊதினேன்."

"ரிஜிஸ்டர்ல எழுதினீரோன்னோ?"

"எழுதினேன். ஆனா..."

"அப்புறம் என்ன? ரூல்படி ஒரு சங்கு. இப்ப நீர் ஊதினா, மத்தியானம் ஊதினது தப்புன்னு ஆகாதா? ஒரு மணிக்கு ஊதிட்டு ஏன் அஞ்சரை வரைக்கும் திறக்கலைன்னு சேர்மன் கேப்பார். யார் பதில் சொல்றது? அவர் பேசி முடிக்கட்டும்."

எட்வர்ட் கையை எடுக்கவில்லை. சாரங்கபாணி ஒன்றும் அதட்டவில்லை. அவரை அதட்டுகிறவர் என்று யாரும் சொன்னதில்லை. எட்வர்டின் தோளில் ஒரு மழைத்துளியைத் தட்டிவிட்டார். குரலைத் தாழ்த்தி, கல்யாண வீட்டில் விசாரிப்பதுபோல விசாரித்தார்.

"பியூலா எப்படி இருக்கா? டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிட்டாளாமே. அவ பேப்பர் என் மேஜையிலதான் இருக்கு. திங்கக்கிழமை கையெழுத்து போடலாம்னு இருக்கேன்."

பியூலா எட்வர்டின் ஒரே மகள். கம்பெனி ஊழியரின் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கின இடம், வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். இரண்டு வருஷமாக அந்தக் காகிதம் மேஜை மேஜையாக நடந்து, இந்த மேஜையில் வந்து உட்கார்ந்திருந்தது.

எட்வர்ட் கையை எடுத்தார்.

இதைப் பெரிதாக்கிச் சொல்ல வழியில்லை. அவர் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. சங்குக்குப் பூட்டும் இல்லை. ஒரு சுற்று, ஒரே ஒரு சுற்று சுற்றியிருந்தால் போதும், சத்தம் மூன்று மைல் போயிருக்கும். சேர்மன் பன்னிரண்டு நிமிஷம் பேசினார். தேச முன்னேற்றத்துக்கு ஆறு நிமிஷம், தண்ணீருக்கு இரண்டு, மிச்சம் தமக்கு. அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் எட்வர்ட் சங்கிலிருந்து இரண்டு அடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நடுவில் ஒரு தரம், "கர்த்தரே, அந்தாளுக்குத் தொண்டை அடைக்கட்டும்" என்று ஜெபம் பண்ணினார். தொண்டை அடைக்கவில்லை. மைக்கும் நன்றாக வேலை செய்தது.

புடவை போனது. வளையல் போனது. போட்டோக்காரன் இன்னொரு தரம் போடச் சொன்னான்; புடவை போய்விட்டதால், கல்பகத்தின் தோளிலிருந்த சால்வையை வாங்கிப் போட்டார் சேர்மன். மணி ஐந்து நாற்பது. சாரங்கபாணி தலையை ஆட்டினார். எட்வர்டும் நாலு கூலிகளும் ஐந்து ஷட்டரையும் தூக்கினார்கள்.

தண்ணீர் கீழே விழுந்த சத்தத்தில் மேளச் சத்தம் செத்தது. மேடையில் எல்லாரும் கை தட்டினார்கள். சேர்மன் "வாஹ்!" என்றார்.

நுரை மதில் மாதிரி உருண்டு போனது. பஸ்தியில் அது போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எட்வர்டுக்குத் தெரியாது. புகை ஒவ்வொரு வரிசையாக அணைந்ததைத்தான் பார்த்தார். முன் வரிசை, நடு வரிசை, பின் வரிசை. அப்போதுதான் அவர் ஓடிப்போய்ச் சங்கைச் சுற்றினார். மூன்று நீளம் இல்லை, முப்பது, நாற்பது. கை மரத்துப்போகும் மட்டும் சுற்றினார். "இப்ப எதுக்குங்காணும்?" என்றார் சாரங்கபாணி.

நாற்பத்திரண்டு குடிசையில் நின்றது ஒன்றும் இல்லை. பாறைக்குப் பக்கமிருந்தவர்கள் தப்பினார்கள். மூன்று பேர் போனார்கள்: இரண்டு கிழவிகள், பிறகு அன்னக்கிளியின் புருஷன் பெருமாள். பிள்ளைகளைப் பாறை ஏற்றிவிட்டு, ஆட்டை அவிழ்க்கத் திரும்பி ஓடினானாம். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு தானே ஏறிவிட்டது.

விசாரணை ஒரு மாதம் கழித்து, கம்பெனி ரிக்ரியேஷன் கிளப்பில், கேரம் போர்டுகளைச் சுவரோரம் சாத்திவைத்து நடந்தது. விசாரிக்க வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். அன்னக்கிளியை அழைத்தார்.

"சங்கு ஊதினாங்களா?"

"ஊதுனாங்க."

"எத்தனை மணிக்கு?"

"ஒண்ணு."

"அப்ப ஏம்மா கீழ இருந்தீங்க?"

"அண்ணன் போகச் சொன்னாரு. மறுபடியும் ஊதுவேன், ஊதாம தொட மாட்டேன்னு சொன்னாரு. அவரயே கேளுங்க."

அதிகாரி எட்வர்டைப் பார்த்தார். சாரங்கபாணி ஜன்னலைப் பார்த்தார். பியூலா அந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து எஸ்டாப்ளிஷ்மெண்ட் செக்ஷனில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். இந்த விசாரணைக்கான சம்மன்களைக்கூட அவள்தான் அடித்தாள், ஒரு பிழை இல்லாமல்.

"ரூல்ல ரெண்டாவது சங்குன்னு ஒண்ணு கிடையாது சார்" என்றார் எட்வர்ட்.

"நீங்க அப்படிச் சொன்னீங்களா, இல்லையா?"

"அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரமே கிடையாது சார்."

அன்னக்கிளி சத்தம் போடுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். காவலுக்கு இரண்டு செக்யூரிட்டிக்காரர்களைக்கூட நிறுத்தியிருந்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேச்சுக்காரி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தால் எட்வர்ட் அவளுக்கு ஆயுசுக்கும் கடன்பட்டிருப்பார்.

அறிக்கை வந்தது. விதிப்படி ஒரு மணி நேர எச்சரிக்கை போதுமாக இருக்க, நிர்வாகம் நாலு மணி நாற்பது நிமிஷம் முன்னதாகவே எச்சரித்திருப்பது பாராட்டுக்குரியது என்று எழுதியிருந்தது. பாராட்டு! எட்வர்டின் சர்வீஸ் புத்தகத்தில் அதற்கு ஒரு வரி ஏறியது, சிவப்பு மையில். மனைவி ஜூடித் அதைப் படிக்கக் கேட்டு, "ஸ்தோத்திரம்" என்றாள். அவளுக்கு அவர் எல்லாவற்றையும் சொல்லவில்லை.

பஸ்தி மறுபடியும் முளைத்தது, அதே இடத்தில். வேறு இடம் யார் கொடுத்தது? அடுத்த ஜூலையில் முதல் மழை விழுந்த அன்று காலை, ஷட்டர் அறைக்கு எதிரே இருந்த கல் மதகின் மேல் அன்னக்கிளி வந்து உட்கார்ந்தாள். பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் வந்தாள். இட்லிக் கடையை மூத்த மகள் பார்த்துக்கொண்டாள். மழை நாள் ஒன்று தவறாமல், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வருவாள். தண்ணீரைப் பார்க்கமாட்டாள், அளவுக்கல்லைப் பார்க்கமாட்டாள்.

ஒரு நாள் எட்வர்ட் டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "உள்ள வந்து ஒக்காரு புள்ள. நனையிதியே."

"நக்கோ."

"சங்கு ஊதினா கீழ கேக்காதா? இங்க வந்து கெடக்கணுமா?"

"சங்கு ஊதும்ண்ணே. அதுக்கு நாங்க ஓடறதில்ல இப்ப."

"பின்னே எதுக்கு ஓடுவீங்க?"

அவள் டீ பிடித்திருந்த அவர் கையையே பார்த்தாள். டீயை வாங்கவில்லை.

ஆகஸ்ட் பதினேழு, பகல் பதினொரு மணி, முப்பத்தேழு அடி. கல்பகம் வந்து புடவையைப் போட்டுவிட்டுப் போனாள். எட்வர்ட் மூன்று நீளச் சங்கு ஊதினார். கீழே ஒரு குடிசையும் அசையவில்லை. ஒரு பிள்ளைகூடப் பாறைப் பக்கம் திரும்பவில்லை. பதிவேட்டில் நேரத்தை எழுதினார். ஒரு மணி நேரம் முழுக்கக் காத்தார். பிறகு ஷட்டர் கைப்பிடியிடம் போய் வலது கையை அதன் மேல் வைத்தார். அன்னக்கிளி எழுந்தாள். முந்தானையை உதறித் தலைக்கு மேல் தூக்கி வீசினாள். பஸ்தி மொத்தமும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தது.

கடைசிப் பிள்ளை பாறை ஏறும்வரை அவள் அவர் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அதுவரைக்கும் அவரும் சுற்றவில்லை.